கோட்டின் மேல் ஒரு ஷூ

சொன்னால் தப்பாகத்தான் வரும். வாயைத் திறக்கும் முன்பே தெய்வானைக்கு அது தெரிந்துவிட்டது. நடந்தது நடந்தபடியே இருந்தாலும் அவள் வாயிலிருந்து வரும்போது அது கோணிக்கொண்டு, பொறாமை மாதிரி, வயிற்றெரிச்சல் மாதிரி, நேரம் பார்த்துக் காத்திருந்து போட்டுக்கொடுத்தது மாதிரி வந்து விழும். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற பல் டாக்டர் ஜெசிந்தா கேள்வியைக் கேட்டுவிட்டு, பேடில் மட்டையைத் தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டு நின்றாள். "சுகந்தி மேடம் கால் கிச்சன் கோட்டுல பட்டுச்சுங்களாக்கா? பட்டுச்சுன்னு நான் சொல்லல. கேக்கறேன், அவ்வளவுதான்." மரியாதையான கேள்வி. குற்றம் சொல்லக் கூடாது, கேட்கத்தான் வேண்டும் என்பது இந்த அபார்ட்மெண்ட் பிக்கிள்பால் பந்தாட்ட லீக்கில் முதல் நாளே சொல்லிக் கொடுத்த முறை. ஆனால் கேள்வியை, ஜோடியாக ஆடுகிற சுகந்தியிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும். சுகந்தியிடம்தான் முதலில் கேட்டாள். சுகந்தி தொப்பியைச் சரிசெய்துகொண்டே சிரித்து, "எனக்குத் தெரியலைங்களே, நான் பந்தைத்தானே பாத்துட்டு இருந்தேன். எங்கக்காளையே கேளுங்க. எங்கக்கா பொய்யே சொல்ல மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். எங்கக்கா. கொழுந்தனின் பெண்டாட்டி, ஓரகத்தி, ஒரே கட்டடத்தில் நான்கு மாடி மேலே இருப்பவள், லிஃப்டில் இருவர் மட்டும் இருக்கும்போது செல்போனை விட்டுக் கண்ணை எடுக்காதவள், நாலு பேர் முன்னால் எங்கக்கா என்கிறாள். பொய்யே சொல்ல மாட்டாங்க என்பது புகழ்ச்சியா அது? ஆட்டுக்கு மாலை போடுவதைப் போலப் போட்டுவிட்டு நிற்கிறாள். தெய்வானைக்குக் காதோரம் சூடேறியது. பந்து உருண்டு பக்கத்துக் கோர்ட்டுக்குள் போய்விட்டிருந்தது. "பந்தை எடுத்துட்டு வந்தர்றேன்" என்று முனகிவிட்டு நடந்தாள். நல்ல வேளை, அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அடுத்தவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது உள்ளே போகக் கூடாது. அவர்கள் அந்தப் புள்ளியை முடிக்கும் வரை கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். நின்றாள்.

பட்டது. பட்டது என்ன பட்டது, ஏறி மிதித்தது. வலையை ஒட்டி இரண்டு பக்கமும் சிவப்புப் பெயிண்ட் அடித்த பட்டைக்குத்தான் கிச்சன் என்று பேர். அதற்குள்ளோ அதன் கோட்டிலோ கால் இருக்கும்போது பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது, தரையில் ஒரு தரம் குத்திய பிறகுதான் அடிக்கலாம். அடித்த வேகத்தில் கால் உள்ளே போய்விட்டாலும் தப்புதான். சுகந்தி அடித்தபோது அவளுடைய புது வெள்ளை ஷூ, சலவைக்குப் போய் வந்த துணி மாதிரி வெளுத்த வெள்ளை, சிவப்பின் மேல் அப்படியே இருந்தது. மூக்கு மட்டும் இல்லை, பாதி ஷூ. தெய்வானை பார்த்தாள் என்றால் தேடிப் போய்ப் பார்க்கவில்லை, வேறெங்கே பார்ப்பது, அந்தப் பந்து அவளுக்கு வந்த பந்து. அவள் பக்கம், அவள் வலது கைக்கு, குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி மெதுவாக உயர்ந்து வந்த பந்து. பேடிலைத் தூக்கிவிட்டாள். தூக்கிய கைக்கு முன்னால் "விடுங்கக்கா" என்று ஒரு சத்தம், செண்ட் வாசனை, ஒரு முதுகு. குறுக்கே பாய்ந்து அடித்தாள் சுகந்தி. ரோகிணியம்மாவின் காலடியில் குத்திப் பந்து வெளியே ஓடியது. ரோகிணியம்மா ஜெசிந்தாவின் ஜோடி, டெலிபோன் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், பந்தை எட்டவே முடியவில்லை. அந்தப் புள்ளி நின்றால் ஆட்டம் முடிந்தது, ஜெயிப்பு, அடுத்த ஞாயிறு இறுதிப் போட்டி. சுகந்தி இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். தெய்வானை தூக்கிய பேடிலை இறக்கவே மறந்து நின்றாள். விடுங்கக்கா. கல்யாணமாகிச் சுகந்தி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்கிற வார்த்தை. விடுங்கக்கா, நான் பேசிக்கறேன். விடுங்கக்கா, பேங்குக்கு நான் போய்க்கறேன். விடுங்கக்கா, உங்களுக்கு அது புரியாது. புரியாது என்று வாயால் சொன்னதில்லை, அது மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். விடுங்கக்காவுக்குப் பின்னால் ஒரு மூச்சு விடுவாள், அந்த மூச்சில் இருக்கும்.

பக்கத்துக் கோர்ட்டில் டொக், டொக், டொக் என்று பிளாஸ்டிக் ஓட்டைப் பந்து போய் வந்துகொண்டிருந்தது. ஆம்பிளைகள். முடிப்பதாகத் தெரியவில்லை. வெயில் பச்சைத் தரையில் பட்டுக் கண்ணுக்குள் அடித்தது. முதுகில் மூன்று பேருடைய பார்வை இருப்பது அரிப்பு மாதிரி தெரிந்தது. இதெல்லாம் எனக்கு எதற்கு என்று நினைத்தாள். நான் பாட்டுக்குக் காலையில் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். ஜோடி கிடைக்கவில்லை என்று நீதான் சுகந்தி வந்து நின்றாய். "சும்மா நின்னா போதுங்கக்கா, மத்ததை நான் பாத்துக்கறேன்." சும்மா நிற்கத்தான் கூப்பிட்டாய். மகள் யாழினி ஷூ வாங்கிக் கொடுத்தாள். இந்த வயதில் ஷூவா என்று வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்த்தாள். பிறகு என்ன ஆயிற்று என்றால் ஆட்டம் பிடித்துப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்போது பந்து வரும். சப்பாத்தி உருட்டும்போது மணிக்கட்டு தானாக அந்தத் திருப்புத் திரும்பும். எல்லாவற்றையும்விடப் பிடித்தது, சொல்லிக்கொடுக்க வந்த அந்தப் பெண் முதல் நாள் சொன்னது. "இங்க அம்பயர் கிடையாதுங்க. உங்க பக்கம் நடந்ததை நீங்கதான் சொல்லணும். பந்து கோட்டுக்கு வெளியவா உள்ளவான்னு உங்களுக்கே சந்தேகமா இருந்தா, எதிராளிக்குச் சாதகமாத்தான் சொல்லணும். உங்க ஜோடி தப்புப் பண்ணினாலும் நீங்க சொல்லணும்." எல்லாரும் தலையாட்டினார்கள். சுகந்தியும் ஆட்டினாள், கூடக் கொஞ்சம் ஆட்டினாள். தெய்வானைக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. ஒன்பதாவதோடு நிறுத்தப்பட்டவள் அவள். ஹைஸ்கூல் பஸ்ஸில் பையன்கள் ஏறுகிறார்கள் என்று அப்பா நிறுத்தினார். பஸ்ஸில் ஏறிய பையன்களை யாரும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு எந்த விஷயத்திலும், ஒரு விஷயத்திலும், நீ என்ன பார்த்தாய் என்று அவளை ஒருவர் கேட்டதில்லை. கடைக்கு இடம் வாங்கியபோது கேட்கவில்லை, பழைய வீட்டை விற்றபோது கேட்கவில்லை. இங்கே வந்து, இந்தப் பச்சைத் தரையில், நீ பார்த்ததைச் சொல், உன் சொல்தான் முடிவு என்கிறார்கள். எத்தனை முறை சொல்லியிருப்பாள், "வெளியங்க", "உள்ளதானுங்க, உங்க புள்ளி" என்று. அப்படிச் சொல்லும்போதெல்லாம் சுகந்தி பக்கத்தில் அந்த மூச்சை விடுவாள். விடட்டும் என்று இருந்தாள். அப்போது எல்லாம் பந்து. இப்போது கால்.

பந்தைப் பற்றிச் சொல்லலாம். காலைப் பற்றி எப்படிச் சொல்வது. பட்டுச்சுங்க என்று ஒரு வார்த்தை. சொன்னவுடன் சுகந்தி சிரிப்பாள், அது நிச்சயம். "அப்படிங்களாக்கா? எந்தக் கால்? அடிக்கறதுக்கு முன்னயா, பின்னயா?" என்று குழந்தையிடம் கேட்பது மாதிரி கேட்பாள். வலது கால் என்று சொல்லப் போய் இடது என்று வாய் வந்துவிடும். வலதுதானே? ஷூ வலது பக்கம் இருந்தது, ஆனால் அவள் குறுக்கே திரும்பி அல்லவா நின்றாள், அப்படியானால் இடது. பாருங்கள், இப்போதே குழம்புகிறது. கண்ணால் பார்த்ததே கைநழுவுகிறது. பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள், அந்த வெள்ளை. ஆனால் சொல்லும்போது நாக்கு தடுக்கும், தடுக்கினால் பொய் மாதிரி இருக்கும், ஜெசிந்தாவே சரி விடுங்கக்கா என்பாள். அவளும் விடுங்கக்கா. இல்லை, தடுக்காமல் சொல்லிவிட்டாள் என்றே வைத்துக்கொள். ஜோடியில் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னால் புள்ளி எதிராளிக்கு என்பதுதான் விதி. ஆக அவள் வார்த்தை நிற்கும். நின்ற பிறகு? கோர்ட்டை விட்டு வெளியே வந்த பிறகு? லிஃப்ட்? தை மாதம்?

தை மாதத்தில்தான் யாழினியின் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சுகந்தியின் அண்ணன் மூலமாக வந்த இடம். சுகந்தி பேசி, சுகந்தி போட்டோ அனுப்பி, சுகந்தி அவர்களை வரவழைத்து, விடுங்கக்கா நான் பாத்துக்கறேன் என்று பார்த்து முடித்த இடம். நல்ல இடம்தான், யாழினிக்கும் பிடித்திருக்கிறது, அந்தப் பையன் போன் செய்தால் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சுகந்தி முகத்தைத் திருப்பினால் போதும், ஒரு வார்த்தை பேச வேண்டாம். பட்டுப்புடவை எடுக்க வர மாட்டாள், தலை வலிக்கிறது என்பாள். அவளுடைய அண்ணன் போனை எடுக்க மாட்டான். பெண் வீட்டுக்குள் ஏதோ என்று அங்கே காதில் விழும். என்ன ஏதோ? ஒரு ஷூ. ஒரு ஷூவுக்காகவா என்று தெய்வானையின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து கேட்பார். கேட்கக்கூட மாட்டார், சாப்பிட்ட தட்டில் கை கழுவுவார். அதிரசத்தின்போது அப்படித்தான் செய்தார். அதிரசம் ஞாபகம் வந்ததும் தெய்வானை பல்லைக் கடித்தாள். ஒரு தீபாவளிக்கு, சொந்தக்காரர்கள் நிறைந்திருந்த கூடத்தில், சுகந்தி அதிரசத் தட்டை நீட்டிக்கொண்டே, "ராத்திரி பூரா முழிச்சு நானே சுட்டேனுங்க, இல்லீங்களாக்கா?" என்று கேட்டாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா. "கடைலதானே வாங்கிட்டு வந்தே சுகந்தி" என்று சொல்லிவிட்டாள். வேண்டுமென்று சொல்லவில்லை, கேட்டாள், சொன்னாள். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து பொங்கல் தாண்டி, சித்திரை தாண்டி, ஆடி வரை சுகந்தி பேசவில்லை. கடையில் நாச்சிமுத்துவும் அவர் தம்பியும் ஒரே கல்லாவுக்கு முன் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். பம்பு மோட்டார் வாங்க வந்தவர்கள் யாரிடம் பேசுவது என்று முழித்தார்கள். "உண்மையா இருந்தாலும் சொல்றதுக்கு ஒரு இது வேண்டாமா தெய்வா" என்றார் நாச்சிமுத்து. என்ன இது? எந்த இது? அந்த இதுவை யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? கடைசியில் போய் மன்னிப்புக் கேட்டது யார்? அதிரசத்தைக் கடையில் வாங்கியவளா? தெய்வானைதான் ஏறிப் போனாள். "எனக்கென்னங்கக்கா கோபம், நீங்க வெகுளி" என்றாள் சுகந்தி. வெகுளி. அந்த வார்த்தையை அவள் காபியோடு கொடுத்தாள், இவள் குடித்துவிட்டு வந்தாள்.

அதனால்தான் தைரியம் அவளுக்கு. அக்கா பொய் சொல்ல மாட்டாங்க என்று சொல்லிவிட்டு எப்படி நிற்கிறாள் பார். தெய்வானை திரும்பிப் பார்க்காமலே பார்த்தாள். ஒரு காலை மடக்கி வலைக்கம்பத்தில் சாய்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. தன் கால் எங்கே இருந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா? மிதித்தவளுக்குத் தெரியாத மிதி உண்டா? தெரிந்துதான் இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். தானே இல்லை என்று சொன்னால் தன் பொய். அக்கா இல்லை என்றால் அக்காவின் பொய். தன் கை சுத்தம். அக்கா ஆமாம் என்றால் அக்கா காட்டிக்கொடுத்தவள். எந்தப் பக்கம் விழுந்தாலும் அழுக்கு இவள் மேல். அட, எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறாள், எவ்வளவு சீக்கிரம், தொப்பியைச் சரிசெய்கிற நேரத்தில். இந்தப் படிப்பை எந்தக் காலேஜில் கொடுத்தார்கள். பேடிலை வீசி எறியலாம் என்று இருந்தது. பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன? நானும் பந்தைத்தான் பார்த்தேன் என்று. எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஜெசிந்தா பார்த்திருக்கிறாள். பார்க்காமல் கேட்பாளா. தெய்வானைக்குப் பல் பிடுங்கியபோது கையைப் பிடித்துக்கொண்டு, வலிச்சா இடது கையைத் தூக்குங்கக்கா, நிறுத்திருவேன் என்று சொல்லி, தூக்கியதும் நிஜமாகவே நிறுத்தியவள் அவள். போன வாரம் தன் பந்து வெளியே என்று யாரும் கேட்காமலே தானே சொன்னவள். அவள் கண்ணைப் பார்த்துப் பார்க்கலைங்க என்று சொல்ல முடியுமா? சொன்னால் அவள் நம்புவது மாதிரி தலையாட்டுவாள். அதுதான் தாங்காது. அதற்குப் பிறகு இந்தக் கோர்ட்டில் உள்ளே வெளியே என்று எதைச் சொன்னாலும் அந்தத் தலையாட்டல்தான். இருக்கிற ஒரே இடம் இது. இதையும் சுகந்தி எடுத்துக்கொண்டாள் என்றால்.

டொக். ஒரு பந்து வலையில் மோதி விழுந்தது. ஆம்பிளைகள் சிரித்தார்கள். "என்னுங்க தெய்வானையக்கா, உங்க பந்துங்களா, இந்தாங்க" என்று ஒருவர் குனிந்து எடுத்து, முறைப்படி கையில் மெதுவாகத் தூக்கிப் போட்டார். பிடித்துவிட்டாள். இனி நிற்க முடியாது. திரும்பி நடந்தாள். முட்டி வலித்தது, வலிக்கட்டும் என்று இன்னும் மெதுவாக நடந்தாள். பந்தைக் கையில் உருட்டினாள், ஓட்டை ஓட்டையாக, எடையே இல்லாமல். "அக்கா, மெதுவா வாங்க, யாரும் அடிக்க மாட்டோம்" என்று சுகந்தி சத்தமாகச் சொன்னாள். ரோகிணியம்மா கொஞ்சம் சிரித்தார். "பாவம், அவங்களைப் போய் மாட்டி விட்டுட்டீங்க" என்றார் ஜெசிந்தாவிடம், குறையாக இல்லை, சும்மா பேச்சுக்கு. பாவம். சொல்லிவிடு. சொல்லிவிடு, போகட்டும் தை மாதம், போகட்டும் அண்ணன், வெகுளி சொன்னாள் என்று போகட்டும். யாழினி பால்கனிக் கதவைச் சாத்துகிற சத்தம் காதுக்குள் கேட்டது. இல்லை. சொல்லாதே. சொல்லாமலும் இருக்காதே.

தன் இடத்துக்கு வந்து நின்றாள். அங்கே நின்றபோது கை மறுபடி தானாக மேலே போனது, பந்துக்காக அப்போது தூக்கிய அதே உயரத்துக்கு. சுகந்தியின் பேடில் அதற்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில்தான் வீசியது. ஒரு சாண்கூட இல்லை. யாராலும் அளக்க முடியாத தூரம். பந்து தன்னுடையது. தன்னை நோக்கி வந்தது. தொட்டிருக்க வேண்டியவள் அவள்தான், தொடவில்லை. ஒரு பக்கத்தில் ஒருவர் பேடிலில்தான் பந்து படலாம். ஜோடி இரண்டு பேர் பேடிலிலும் பட்டால் புள்ளி போய்விடும், கால் எங்கே இருந்தாலும் சரி. அந்த யோசனை வந்தது என்று சொல்ல முடியாது. கை மேலே இருந்தது, அவ்வளவுதான், அது அங்கே இருந்தது. "என்னுங்கக்கா?" என்றாள் ஜெசிந்தா. சுகந்தி துடைப்பதை நிறுத்தினாள். அந்த ஒரு நொடி, அவள் முகத்தில் சிரிப்பு இல்லாமல் வெறும் முகம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்துவிட்டாள் தெய்வானை. அது போதும் போலவும் இருந்தது, போதவே போதாது போலவும் இருந்தது.

"காலைப் பத்தி நான் சொல்றதுக்கு முன்னாடி இன்னொன்னு இருக்குதுங்க" என்றாள். குரல் தடுக்கவில்லை, அது அவளுக்கே ஆச்சரியம். "பந்து முதல்ல என்ற பேட்டுலதான் உரசுச்சு. அப்பறம்தான் சுகந்தி அடிச்சா. ரெண்டு பேட்டுலயும் பட்டுருச்சு. தப்பு என்னுதுதானுங்க. சர்வீஸ் உங்களுக்கு."

ரோகிணியம்மா, "அடடே, அதை யாரும் கவனிக்கலையே" என்றார். ஜெசிந்தா தெய்வானையைப் பார்த்தாள். அந்தத் தலையாட்டல் வரவில்லை, வேறு ஏதோ வந்தது, அதற்குப் பேர் என்ன என்று தெய்வானைக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. சுகந்தி மூச்சை விட்டாள், அதே மூச்சு. பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள். "பரவால்ல விடுங்கக்கா. குறுக்க வந்து பேட்டைத் தூக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அடுத்ததுல பாத்துக்கலாம்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மன்னித்தாள். தோளில் அந்தக் கை கனத்தது. உதறவில்லை தெய்வானை. உடம்பெல்லாம் எரிய, "சரி சுகந்தி, இனிமே பாத்து ஆடறேன்" என்று சொல்லி, பந்தை வலைக்கு மேலே ஜெசிந்தாவின் கைக்கு மெதுவாகப் போட்டுவிட்டு, கோட்டிலிருந்து ஒரு அடி தள்ளிப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.